ஆழம் போட்ட கோடு

1943 செப்டம்பரில் ஓர் இரவு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்ட சிறு படகு ஒன்று பாலித் தீவுக்கும் லொம்பொக் தீவுக்கும் நடுவே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்தது என்பதே மிகை. எஞ்சின் முழு மூச்சில் ஓடியது, கரை மட்டும் நகரவில்லை. படகின் பெயர் கிரெய்ட். நாம் கட்டுவிரியன் என்று சொல்லும் பாம்புக்கு வட இந்தியாவில் வழங்கும் பெயரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு முன்பு ஜப்பானியர் மீன் பிடிக்க வைத்திருந்தது. அன்று அதில் இருந்த 14 பேரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர். உடம்பில் கருஞ்சாயம் பூசி, கைலி கட்டி, ஜப்பானியக் கொடியை ஏற்றி வைத்திருந்தார்கள். இருபுறமும் எதிரியின் கையிலிருந்த தீவுகள். இருட்டோடு இருட்டாகக் கடந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் மணிக்கு ஆறரை கடல்மைல் ஓடக்கூடிய அந்தப் படகை எதிர்நீர் இரவு முழுக்கப் பிடித்து வைத்துக்கொண்டது.

அவர்கள் பிழைத்தார்கள். செப்டம்பர் 26 இரவு அவர்களில் ஆறு பேர் மூன்று மடக்குத் தோணிகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பல்களின் அடியில் காந்த வெடிகளை ஒட்டினார்கள். திரும்பும்போதும் இதே நீர்வழி. அங்கே நள்ளிரவில் ஒரு ஜப்பானியக் காவல் கப்பல் மிக அருகே வந்து பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, விலகிப் போனது. விலை கொடுத்தவர்கள் சிங்கப்பூர் மக்கள். உள்ளூர்ச் சதி என்று நம்பிய ஜப்பானிய ராணுவக் காவல்துறை அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்து வதைத்தது. அவர்களில் 15 பேர் இறந்தார்கள். அந்தத் தாக்குதலைச் சாகசக் கதையாகச் சொல்பவர்கள் இந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போகும் வழியில் அன்றிரவு கிரெய்ட்டை எதிர்த்து வந்தது பசிபிக் பெருங்கடலின் நீர்.

பசிபிக்கின் மேல் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று மேல்மட்ட நீரை மேற்கே தள்ளிச் சேர்க்கிறது. அதனால் இந்தோனேசியாவுக்கு வடகிழக்கே கடல்மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்றே உயர்ந்து நிற்கிறது. உயர்ந்த நீர் தாழ்ந்த பக்கம் இறங்க வழி தேடுகிறது. வழி, தீவுகளுக்கு நடுவேயுள்ள இடுக்குகள்தாம். பெரும்பங்கு நீர் போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் இடையிலுள்ள மக்காசார் நீரிணை வழியே தெற்கே வருகிறது. அதில் ஒரு பகுதி நேராக லொம்பொக் நீரிணைக்குள் விழுகிறது. மீதி கிழக்கே திரும்பித் திமோர்ப் பக்கமாக வெளியேறுகிறது. 2004 முதல் 2006 வரை பல நாட்டு ஆய்வாளர்கள் இந்த இடுக்குகளில் கருவிகளை நங்கூரமிட்டு அளந்தார்கள். லொம்பொக் நீரிணை வழியே மட்டும் நொடிக்குச் சராசரியாக 26 லட்சம் கன மீட்டர் நீர் போகிறது என்று தெரிந்தது. உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவது நொடிக்குச் சுமார் 12 லட்சம் கன மீட்டர். அமேசான், காங்கோ, கங்கை, காவிரி எல்லாவற்றையும் கூட்டி இரண்டால் பெருக்கினாலும் இந்த ஒரு நீர்வழிக்கு எட்டாது. இத்தனைக்கும் இது பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு இப்படிப் போகும் மொத்த நீரில் ஆறில் ஒரு பங்குதான்.

தென்கிழக்குப் பருவக்காற்று வீசும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். கிரெய்ட் மாட்டிக்கொண்டதும் அந்தப் பருவத்தில்தான். காற்று மாறும் மே, நவம்பர் மாதங்களையொட்டி, நடு இந்தியப் பெருங்கடலில் பிறந்த அலை ஒன்று சுமத்ரா, ஜாவா கரைகளைத் தொட்டபடி வந்து இதே இடுக்கில் நீரைச் சில நாட்கள் வடக்கே திருப்பிவிடுவதும் உண்டு.

தமிழில் இத்தகைய இடத்தை நீரிணை என்கிறோம். நல்ல சொல். இரண்டு கடல்களை இணைக்கும் நீர். கடலின் பக்கம் நின்று பார்த்து வைத்த பெயர் அது. கரையில் நின்று பார்ப்பவருக்கோ அதே நீர் இரண்டு நிலங்களைப் பிரிக்கும் நீர். லொம்பொக் நீரிணை இரண்டு வேலைகளையும் மற்ற எந்த நீரிணையையும்விடத் தீவிரமாகச் செய்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அதன் ஆழம். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல நினைப்பது அதைத்தான்.

மேற்பார்வைக்கு அது பெரிய நீர்ப்பரப்பு இல்லை. வடமுனையில் 40 கிலோமீட்டர் அகலம், தென்முனையில் சுமார் 20, நீளம் 60. வானம் தெளிந்த காலையில் பாலியின் ஆகுங் எரிமலையும் (3,031 மீட்டர்) லொம்பொக்கின் ரிஞ்சானி எரிமலையும் (3,726 மீட்டர்) ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். தென்வாயின் மேற்கு ஓரத்தில் நூசா பெனிடா என்ற வறண்ட சுண்ணாம்புக்கல் தீவு இருக்கிறது. அதற்கும் பாலிக்கும் இடையிலுள்ளது பாதுங் நீரிணை. நூசா பெனிடாவுக்கும் லொம்பொக்குக்கும் நடுவே கடலடியில் ஒரு வரம்பு குறுக்கே கிடக்கிறது. அந்த வரம்பின்மேலேயே நீர் 250 மீட்டருக்குக் குறையாத ஆழம். வரம்பைத் தாண்டி வடக்கே போனால் தரை மளமளவென்று இறங்கி ஆயிரம் மீட்டரைத் தாண்டும்.

லொம்பொக் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாவா மொழியில் லொம்பொக் என்றால் மிளகாய். அதனால் இது மிளகாய்த் தீவு என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே இந்தப் பக்கம் வந்தது. தீவின் பெயரோ 1365இல் ஜாவாவின் மஜபாகித் அரசவையில் பிரபஞ்சர் என்ற புலவர் எழுதிய நாகரகிருதாகமத்திலேயே இருக்கிறது. தீவின் பழங்குடிகளான சாசாக் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு நேரானது என்று பொருள். அதுவே பொருந்துகிறது.

இனி ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பி அந்த வருமானத்தில் வாழ்ந்த மனிதர். 1856இல் சிங்கப்பூரிலிருந்து அவர் போக விரும்பிய ஊர் மக்காசார். நேரே போகக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு சீன வணிகரின் பாய்க்கப்பல் பாலிக்கும் லொம்பொக்குக்கும் போனது. அங்கிருந்து மக்காசாருக்கு வேறு கப்பல் பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் ஏறினார். ஜூன் 13 அன்று பாலியின் வடகரையில் புலெலெங்கில் இறங்கி இரண்டு நாள் இருந்தார். பிறகு நீரிணையைக் கடந்து லொம்பொக்கின் அம்பனான் துறைக்கு வந்தார். அடுத்த கப்பலுக்காக இரண்டரை மாதம் அங்கேயே காத்துக் கிடந்தார். நேரடிக் கப்பல் கிடைத்திருந்தால் இந்த இரண்டு தீவுகளிலும் கால் வைத்திருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

பாலியில் அந்த இரண்டு நாளில் அவர் கண்ட பறவைகளில் ஒன்று குக்குறுவான். மரம் உள்ள எந்தத் தமிழ்நாட்டுத் தெருவிலும் நண்பகலில் செப்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல் ‘டொக் டொக்’ என்று விடாமல் ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவானின் இனமே அது, ஜாவா–பாலி வகை. சிந்து வெளியில் தொடங்கி இந்தியா, பர்மா, மலாயா, சுமத்ரா, ஜாவா என்று பரவிய அந்தப் பறவையின் நாடு பாலியோடு முடிகிறது. லொம்பொக்கில் வாலஸ் அதைக் காணவில்லை. பாலியில் கண்ட மரங்கொத்தியையும் மைனாவையும் காணவில்லை. அங்கே கண்டவை வேறு. மஞ்சள் கொண்டையுள்ள வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஆஸ்திரேலியக் குடும்பத்தைச் சேர்ந்த தேன்குடிப் பறவைகள் இருந்தன. மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து, அதன் சூட்டில் முட்டை பொரியட்டும் என்று விட்டுவிட்டுப் போகும் காட்டுக்கோழி போன்ற ஒரு பறவையும் இருந்தது. ஒரே அளவுத் தீவுகள், ஒரே மண், ஒரே மழை, ஒரே எரிமலை அமைப்பு. ஒரு கரையிலிருந்து மறுகரை தெரிகிறது. இருந்தும் குடியிருக்கும் உயிர்கள் வேறு. ஆகஸ்ட் 21 அன்று அம்பனானிலிருந்து லண்டன் முகவர் சாமுவேல் ஸ்டீவன்சுக்கு எழுதிய கடிதத்தில் வாலஸ் இந்த வியப்பைப் பதிவு செய்தார். அதே கடிதத்தோடு போன சரக்கில் ஒரு நாட்டு வாத்து சார்லஸ் டார்வினுக்கு என்று குறிப்பிட்டிருந்தார். இருவரும் ஒன்றாக அறிவிக்கப்போகும் இயற்கைத் தேர்வுக் கொள்கை வெளியாக அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

பறவைக்குச் சிறகு இருக்கிறதே, 30 கிலோமீட்டர் நீர் எப்படித் தடையாகும் என்று தோன்றலாம். காட்டுக்குள் வாழும் பறவைகளில் பல, திறந்த வெளியைத் தாண்டிப் பறப்பதே இல்லை. மரத்திலிருந்து மரத்துக்கு என்பதே அவற்றின் உலகம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிவது நமக்கு அழைப்பு, ஒரு குக்குறுவானுக்கு அது ஒன்றுமேயில்லை.

வாலஸ் 1859 நவம்பரில் லின்னியன் சங்கத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் இதை விரித்தார். 1863இல் வெளியிட்ட நிலப்படத்தில் பாலிக்கும் லொம்பொக்குக்கும் நடுவே தொடங்கி, மக்காசார் நீரிணை வழியே வடக்கே ஏறும் ஒரு சிவப்புக் கோட்டை இழுத்தார். வாலஸ் கோடு என்று 1868இல் அதற்குப் பெயரிட்டவர் தாமஸ் ஹக்ஸ்லி. புகழ் வாலசுக்குப் போனது நியாயமே. ஆனால் காரணத்தின் ஒரு நுனியை அவருக்கு முன்பே பிடித்தவர் ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல். இந்தத் தீவுக்கூட்டத்தின் மேற்குத் தீவுகள் ஆழமற்ற கடலால் ஆசியாவோடும், கிழக்குக் கோடித் தீவுகள் ஆழமற்ற கடலால் ஆஸ்திரேலியாவோடும் சேர்ந்திருப்பதை அவர் 1845இலேயே சொல்லிவிட்டார். வாலஸ் அதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இன்று வாலசைப் பற்றி எழுதுபவர்கள் ஏர்லை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஏர்ல் சுட்டியதன் முழுப் பொருள் பனியுக ஆய்வுகளுக்குப் பிறகே தெளிவானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் ஒரு பகுதி துருவங்களிலும் வடகண்டங்களிலும் பனியாக உறைந்து நின்றது. கடல்மட்டம் இன்றைய மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ நடுவேயுள்ள கடல் அன்று காடு வளர்ந்து ஆறு ஓடிய சமவெளி. ஜாவாவுக்கும் பாலிக்கும் இடையிலுள்ள நீர் அறுபது மீட்டரளவே ஆழம் என்பதால் அதுவும் வற்றியது. புலி நடந்தே பாலிக்கு வந்தது. அதற்குக் கிழக்கே அதன் நடை நின்றது. 120 மீட்டர் இறங்கினாலும், 250 மீட்டர் ஆழமுள்ள லொம்பொக் நீரிணையில் பாதிக்கு மேல் நீர் மிச்சம். எத்தனை பனியுகங்கள் வந்து போனபோதும் அந்த வாசல் திறக்கவே இல்லை.

நமக்குப் பழகிய பாக் நீரிணையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். அகலத்தில் அது லொம்பொக் நீரிணையைவிடப் பெரியது. ஆழமோ பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை. பனியுகங்களில் அது தரையாக இருந்தது. அதனால்தான் தமிழ்நாட்டுக் காடுகளில் உள்ள யானையும் சிறுத்தையும் கரடியும் இலங்கையிலும் இருக்கின்றன. எத்தனை கிலோமீட்டர் நீர் என்ற கேள்விக்கு இங்கே பொருள் குறைவு. எத்தனை மீட்டர் ஆழம் என்று கேட்டால்தான் விடை கிடைக்கிறது.

இந்தக் கோட்டைச் சுவராக நினைத்துவிடக் கூடாது. லொம்பொக்கில் நீண்டவால் குரங்கும் முள்ளம்பன்றியும் உண்டு. சிலவற்றை மனிதர்கள் படகில் கொண்டுவந்திருக்கலாம், சில மிதந்த மரங்களில் தொற்றி வந்திருக்கலாம். கிழக்கே உள்ள ஃபுளோரஸ் தீவுக்கு யானையின் அற்றுப்போன உறவான ஸ்டெகோடான் நீந்திப் போயிருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுப் பழமையான கல்கருவிகள் அதே தீவில் கிடைத்திருப்பதால், நம் இனம் தோன்றும் முன்பே ஏதோ ஒரு மனித இனம் ஆழ்நீரைத் தாண்டியிருக்கிறது. நம் முன்னோர் ஆஸ்திரேலியாவை அடைந்த வழிகளாக ஆய்வாளர்கள் வரையும் இரண்டில் ஒன்று, பாலி, லொம்பொக், ஃபுளோரஸ், திமோர் என்று தீவு தீவாகத் தாவிப் போகும் தெற்கு வழி. புலியை நிறுத்திய ஆழம், மிதக்கத் தெரிந்தவர்களை நிறுத்தவில்லை. மிதப்பவருக்கு அடியில் இருப்பது ஐந்து மீட்டரா ஆயிரம் மீட்டரா என்பது ஒன்றுதான்.

கிழக்குப் பாலியின் கராங்கசெம் அரசர்கள் எதிர்க்கரையைத் தம் வயல்போலவே நினைத்தார்கள். நீரைத் தாண்டி வந்து மேற்கு லொம்பொக்கைப் பிடித்து, பிறகு தீவு முழுவதையும் ஆண்டார்கள். அவர்களோடு கோயிலும் பாசன முறையும் ஓலைச்சுவடிகளும் வந்தன. முஸ்லிம்களான சாசாக் மக்கள் அந்த ஆட்சியின் வரியையும் கட்டாய வேலையையும் எதிர்த்து 1891இல் கிளர்ந்தார்கள். அதைச் சாக்காக வைத்து டச்சுக்காரர்கள் 1894இல் படையெடுத்தார்கள். சக்ரநெகாரா அரண்மனை தீக்கிரையானது. படையோடு வந்திருந்த மொழியறிஞர் பிராண்டெஸ் அரண்மனை ஏடுகளில் ஒரு பகுதியை மீட்டார். அவற்றில்தான் நாகரகிருதாகமம் இருந்தது, அன்று தெரிந்திருந்த ஒரே படி. ஜாவாவில் பிறந்த நூல் ஜாவாவில் அழிந்து, பாலிக்காரர்களோடு நீரிணையைத் தாண்டி, எதிர்க்கரை அரண்மனையில் உயிரோடு இருந்திருக்கிறது. மஜபாகித் அரசைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அந்தத் தீயிலிருந்து தப்பிய ஓலைகளால் கிடைத்தது.

20ஆம் நூற்றாண்டில் இந்த ஆழத்தைக் கப்பற்படைகள் கண்டுகொண்டன. 1942 பிப்ரவரி 19 இரவில் பாலியில் இறங்கிய ஜப்பானியரைத் தடுக்க வந்த நேசநாட்டுக் கப்பல்கள் பாதுங் நீரிணையில் தோற்றன. டச்சு நாசகாரிக் கப்பல் பீட் ஹைன் மூழ்கியது. பிறகு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலிலிருந்து வேட்டைக்குப் போன அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு லொம்பொக் நீரிணையே வாசற்படி. அந்தப் போரில் அமெரிக்கா இழந்த கடைசி நீர்மூழ்கியான புல்ஹெட், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே 1945 ஆகஸ்ட் 6 அன்று, இந்த நீரிணையின் அருகே 84 பேரோடு போனது.

விடுதலைக்குப் பிறகும் இந்தோனேசியா பழைய டச்சுச் சட்டத்தையே வைத்திருந்தது. ஒவ்வொரு தீவைச் சுற்றியும் மூன்று கடல்மைல் மட்டும் அதன் நீர். நீரிணையின் நடுப்பகுதி யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல். டச்சுப் போர்க்கப்பல்கள்கூட நாட்டின் நடுவே தாராளமாகப் போகலாம். இந்தோனேசிய மொழியில் தாய்நாட்டுக்குச் சொல் ‘தானா ஆயர்’, நேர்ப்பொருளில் மண்-நீர். நீரையும் சேர்த்துத் தாய்நாடு என்று அழைக்கும் மக்களுக்கு அந்தச் சட்டம் எப்படி உறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1957 டிசம்பர் 13 அன்று பிரதமர் ஜுவாண்டா, தீவுகளுக்கு இடையிலுள்ள நீர் முழுவதும் நாட்டின் பகுதி என்று அறிவித்தார். வல்லரசுகள் எதிர்த்தன. 1982இன் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை தீவுக்கூட்ட நாடு என்ற கருத்தை ஏற்றது. பதிலுக்கு இந்தோனேசியா அயல்கப்பல்களுக்கு வடக்கு–தெற்காக மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றில் இரண்டாவது, லொம்பொக்கும் மக்காசாரும் சேர்ந்த வழி.

அந்த வழியின் தேவை கூடிக்கொண்டே போகிறது. மலாக்கா நீரிணையில், சிங்கப்பூர்ப் பக்கத்தில், நீருக்குள் 20.5 மீட்டருக்கு மேல் அமிழும் கப்பல் போக முடியாது. பிரேசிலிலிருந்து சீனாவுக்கு இரும்புத்தாது ஏற்றிப் போகும் 360 மீட்டர் நீளக் கப்பல்கள் நிறை சுமையில் 23 மீட்டர் அமிழ்கின்றன. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள சுண்டா நீரிணையின் கிழக்கு வாயிலும் ஆழம் போதாது. அவை இங்கேதான் வந்தாக வேண்டும். தெற்கு வடக்காக அவை போகும் பாதையை, பாலியின் பாடாங் பாயிலிருந்து லொம்பொக்கின் லெம்பாருக்கு நான்கைந்து மணி நேரம் ஓடும் பயணிகள் கப்பல்கள் குறுக்கே வெட்டுகின்றன. இருபுறமும் மிதவைக்கட்டை கட்டிய ஜுக்குங் படகுகளில் மீனவர்கள் அதற்குள் வலை போடுகிறார்கள். 2020 ஜூலை 1 முதல் போகவும் வரவும் தனித்தனித் தடங்கள் பிரிக்கப்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் இங்கே பிறக்கிறது. மேலே வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த நீர். கீழே குளிர்ந்த, கனத்த நீர். ஓதத்தின் வேகத்தில் இவை தென்வாயின் வரம்பில் மோதும்போது, இரண்டு அடுக்குகளும் சேரும் இடத்தில் நூறு மீட்டர் உயரத்துக்கும் அலை எழும். மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த கோடாக மட்டுமே தெரியும் அந்த உள்ளலைகளை விண்வெளியிலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள். வில்போல் வளைந்து அவை வடக்கே பாலிக் கடலுக்குள் போகின்றன. 2021 ஏப்ரல் 21 அன்று பாலிக்கு வடக்கே 53 பேரோடு மறைந்த இந்தோனேசிய நீர்மூழ்கி நங்கலா, 838 மீட்டர் ஆழத்தில் மூன்று துண்டாகக் கிடந்தது. உள்ளலை ஒன்று அதைக் கீழே இழுத்திருக்கலாம் என்று கடற்படை அதிகாரிகளே சொன்னார்கள். குளிர்நீர் மேலே வருவதால் நன்மையும் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை நூசா பெனிடாவின் பாறைகளுக்கு ஆழத்திலிருந்து சூரிய மீன்கள் ஏறி வருகின்றன. ஆளைவிடப் பெரிய, வட்டமான அந்த மீன்களைப் பார்க்கவே உலகெங்கும் இருந்து முக்குளிப்பவர்கள் வருகிறார்கள்.

அந்தக் கோட்டின் இரு கரைச் சாட்சிகளில் சில இன்று இல்லை, சில அருகிவிட்டன. பாலியின் கடைசிப் புலி என்று உறுதியாகத் தெரிந்தது 1937இல் சுடப்பட்டது. லொம்பொக்கில் கூட்டமாகத் திரிந்த காக்கட்டூவைக் கூண்டு வணிகம் ஏறக்குறையத் துடைத்துவிட்டது. நூசா பெனிடாவிலும் அது இருந்ததாகப் பழைய குறிப்புகள் உண்டு, அங்கும் போய்விட்டது. வடமேற்குப் பாலியில் மட்டுமே வாழ்ந்த வெண்ணிற பாலி மைனாவும் கூண்டுக்காகப் பிடிபட்டுப் பிடிபட்டு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. 2006இல் பாலியின் பறவை ஆர்வலர்கள், வளர்ப்பில் பெருகிய மைனாக்களைப் படகில் ஏற்றி நூசா பெனிடாவில் கொண்டுபோய் விட்டார்கள். யாரும் பிடிப்பதில்லை என்று அந்தத் தீவின் கிராமங்கள் தங்கள் ஊர்வழக்கப்படி கட்டுப்பாடு செய்துகொண்டன. பாதுங் நீரிணையை ஒருநாளும் தாங்களாகத் தாண்டியிராத அந்தப் பறவைகள் இப்போது தீவின் தென்னை மரங்களில் கூடு வைக்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே லொம்பொக் நீரிணையின் ஆழ்வாய், அதைத் தாண்டி ரிஞ்சானி.